கவுஞ்சிக்கு அரை அங்குலம்

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு விதமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. என் அத்தை மட்டும், "கம்ப்யூட்டர் கெட்டுப்போனா என்ன பண்ணணும்ங்கிற படிப்பு" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் கிட்டத்தட்டச் சரி.

கெட்டுப்போவது கம்ப்யூட்டர் இல்லை, அதில் ஓடும் புரோகிராம். ஒருவர் எழுதி வைத்துவிட்டு வேலை மாறிப் போவார். அடுத்து வருபவர் நடுவில் நாலு வரி செருகுவார். அவருக்கும் அடுத்தவர், அந்த நாலு வரி எதற்கென்று தெரியாமல், அதன்மேல் இன்னும் எட்டு வரியைக் கட்டி எழுப்புவார். கொஞ்ச வருஷத்தில் அதைத் தொடவே எல்லோரும் பயப்படுவார்கள். ஸ்வெட்டரில் ஒரு நூலை இழுத்தால் எந்தப் பக்கம் சுருங்கும் என்று தெரியாது இல்லையா, அந்தப் பயம். எந்த நூலை இழுத்தால் எது சுருங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கருவி ஒன்றை நான் எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு புரோகிராம்தான். மற்ற புரோகிராம்களை வாசித்து, எந்த வரி எந்த வரியைத் தொடுகிறது என்று கண்டுபிடித்து, அகலத் தாளில் கட்டங்களும் நட்சத்திரக் கோடுகளுமாகப் படம் போட்டுக் கொடுக்கும். இந்தக் கருவி நன்றாக வந்துவிட்டால், பழைய புரோகிராம்களைப் பழுது பார்க்கிற வேலையில் பாதி தானாகவே நடந்துவிடும் என்பது என் கனவு.

என் பேராசிரியருக்குக் கனவுகளில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாலே யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிற மனிதர். என் கருவி போட்ட படங்களையெல்லாம் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "நீ எழுதின புரோகிராமை நீ எழுதின கருவி வாசிக்குது. இதுல என்னம்மா அதிசயம்? முன்னே பின்னே தெரியாத ஆள் எழுதி, நாலு பேர் கைவச்ச பழசு ஒண்ணைப் பிடி. அதுல ஒரு மாத்தம் பண்ணு. என்ன மாறும், என்ன மாறாதுன்னு முன்னாடியே எழுதிக் கொடு. பலிச்சா தீசிஸை வாங்கிக்கிறேன்."

நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். சம்பளமில்லாத விடுப்பில் வந்துதான் இந்த ஆராய்ச்சி. பொங்கல் முடிந்து கல்லூரி திறக்கும்போது நான் கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும். அதற்குள் கொடுத்தால் உண்டு. வேலைக்குத் திரும்பிய பிறகு பாதியில் விட்ட ஆராய்ச்சியை எடுத்து முடித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை, எங்கள் கல்லூரியிலேயே அப்படி அலமாரியில் தூங்கிய தீசிஸ்கள் பல இருந்தன. என்னுடையதும் அங்கே போய்ப் படுத்துவிடுமோ என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எனக்கு இருந்த கவலை.

அப்படித்தான் கொடைக்கானலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏரிக்கு மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு கட்டடத்தில் உருளைக்கிழங்கு நோய்களைக் கவனிக்கும் சின்ன நிலையம் ஒன்று இருந்தது. மலையில் மழையும் பனியும் சேர்ந்துகொண்டால் உருளைக்கிழங்குச் செடிக்குக் கருகல் வரும். வந்துவிட்டால் ஒரே வாரத்தில் கொல்லை முழுக்கக் கறுத்துவிடும். எந்த ஊரில் அடுத்து வரும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கு அவர்களிடம் ஒரு ஃபோர்ட்ரான் புரோகிராம் இருந்தது. யாரோ ஒருவர் எழுதிவிட்டு வெளிநாடு போயிருந்தார். அப்புறம் நாலைந்து பேர் கைவைத்திருந்தார்கள். ஓரிடத்தில்கூட இது எதற்கு என்று ஒரு விளக்க வரி கிடையாது. பார்த்த உடனே எனக்கு அதன்மேல் காதலே வந்துவிட்டது. பேராசிரியர் கேட்ட பழசு இதைவிட எங்கே கிடைக்கும்?

நிலையத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. அட்டையில் துளை போடும் பஞ்ச் மெஷின் ஒன்று மட்டும் உண்டு. ஒரு வரிக்கு ஒரு அட்டை. அட்டைக் கட்டு பஸ்ஸில் மதுரைக்குப் போகும். அங்கே ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் ஓட்டி, அச்சான தாளைத் திருப்பி அனுப்புவார்கள். பஞ்ச் மெஷினுக்கு ஒரு பெண் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் போகிற வயதில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவள். இங்கே மிஷன் வகுப்பில் டைப்ரைட்டிங் படித்து வேலைக்கு வந்திருந்தாள். நான் கல்லூரியில் வேலை பார்ப்பவள் என்று கேட்டதும் டீச்சரக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதற்காக மரியாதை கொடுத்தாள் என்று அர்த்தமில்லை. என் கையெழுத்தைப் பார்த்து, கோழி கிளறின மாதிரி இருக்கு என்று முதல் நாளே சொன்னாள்.

அவளுக்கும் மூடுபனிக்கும் தீராத பகை. பனி உள்ளே வந்தால் அட்டை ஊதிவிடும். ஊதின அட்டை மதுரை மெஷினின் தொண்டையில் சிக்கும். அதனால் கும்மட்டி அடுப்பில் கரி போட்டு, அதற்குக் கொஞ்சம் தள்ளி அட்டைக் கட்டுகளைக் கம்பளியில் சுற்றி உட்கார வைப்பாள். காய்ந்ததும் கட்டின் தலையில் சிவப்புப் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு இழுப்பாள். கட்டு கீழே விழுந்து கலைந்தாலும், அந்தக் கோடு ஒழுங்காகச் சேர்கிறதா என்று பார்த்து வரிசைப்படுத்திவிடலாம். அந்த வேலைக்கு அவள் வைத்திருந்த பெயர் பெரட்டு. தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு அதுதானாம் பெயர். "எல்லாரும் பெரட்டுக்கு வந்தாச்சு அக்கா, ஒரு ஆளும் கொறையல்ல" என்று கட்டை என் கையில் கொடுப்பாள்.

ஒரு தடவை மலைப்பாதையில் மண் சரிந்து மதுரை பஸ் நின்றுபோனது. அவள் அசரவில்லை. பழனி வழியாக இறங்கும் காய்கறி லாரி ஒன்றைப் பிடித்து அட்டைப் பெட்டியை ஏற்றிவிட்டாள். டிரைவர் அதை ஒட்டன்சத்திரத்தில் பூண்டு மூட்டையோடு சேர்த்து இறக்க, மண்டிக்காரர் தராசில் தூக்கி வைத்து, பூண்டுக்கு எடை குறையுதே என்று சண்டைக்கு நின்றிருக்கிறார். பெட்டி ஒருவழியாக மதுரை போய்ச் சேர்ந்தது. மலைப்பூண்டு வாசம் அந்தக் குளிர்சாதன அறையை விட்டுப் போக ரொம்ப நாளானதாம். அங்கிருந்த ஆபரேட்டர் என்னை எங்கே பார்த்தாலும் மூக்கைப் பிடித்துக்கொள்வார். நான் அந்த நிலையத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதற்கு இதையெல்லாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானமானால் மதுரைக்குக் கிளம்ப மனசே வராது. ஆனாலும் வீட்டுக்குப் போயாக வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் மலையில் இருந்ததே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருவி அந்தப் புரோகிராமை வாசித்துப் போட்ட படத்தைத் தரையில் விரித்தோம். அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் வந்தது. படத்தில் இரண்டு தீவுகள் இருந்தன. முதல் தீவு மழையைக் கணக்குப் போடுகிறது. மழைமானி இருக்கிற ஊர் சிலதுதான். அவற்றை வைத்து மீதி ஊர்களில் எவ்வளவு பெய்திருக்கும் என்று மதிப்பிட்டு ஒரு தாளில் அச்சடிக்கிறது. அதோடு அதன் சோலி முடிந்தது. இரண்டாவது தீவு, அட்டையிலிருந்து ஊர்வாரியாக மழை அளவை வாங்கி, அதில் C என்று ஒன்றைக் கழித்து, எல்லையைத் தாண்டுகிற ஊர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுகிறது. நிலையத்து ஜீப் அந்த வரிசைப்படிதான் தெளிப்பானும் மருந்தும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். வாரத்தில் ஒரு நாள் முதல் தீவு ஓடும், இன்னொரு நாள் இரண்டாவது ஓடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடுகூட இல்லை.

C ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. கவுஞ்சிக்கு அரை அங்குலம், கூக்காலுக்குக் கால் அங்குலம், சில ஊருக்கு முக்கால். எதற்கு இது என்று நிலைய அதிகாரியிடம் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் புரோகிராம் என்றாலே சாமி அறைக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல் பதறுவார். அது தான் வருவதற்கு முன்னாலேயே இருந்தது என்றும், அதில் கைவைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். உயரத்துக்கு ஏற்ற திருத்தமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்துக்குப் புது மழைமானிகள் வந்தன. பழையவை அங்குலத்தில் அளந்தன, புதியவை மில்லிமீட்டரில். புரோகிராமை மாற்றியே ஆக வேண்டும். நான் குதிக்காத குறை. பேராசிரியர் கேட்ட சோதனை தானாக வாசலில் வந்து நிற்கிறது. கருவியை ஓட்டி, எந்தெந்த வரிகள் மாற வேண்டும் என்று எடுத்தேன். இரண்டு தீவிலும் இருக்கிற அங்குலத்தையெல்லாம் மில்லிமீட்டராக்கினால் போதும், இறுதிப் பட்டியலில் ஒரு ஊர்கூட முன்பின் மாறாது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பேராசிரியரிடம் கொடுத்தேன். அரை அங்குலம் என்பது பன்னிரண்டு புள்ளி ஏழு ஆனது. அட்டைகளை அவள் அடித்துக் கொடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு பன் தின்று கொண்டாடினோம்.

அந்த வாரம் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி ரோட்டுக்கு ஏறி வந்துவிடும் போலிருந்தது. செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து பட்டியல் வந்தது. மேலே தலைப்பு இருந்தது. கீழே ஒரு ஊர்கூட இல்லை. அடியில் END என்று மட்டும் இருந்தது.

அதிகாரி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு, "மேடம், வெளிய இந்த ஊத்து ஊத்துது. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் காஞ்சு கெடக்கே?" என்றார். அவர் கெட்டிக்காரர், பழைய வாரத்துப் பட்டியலை வைத்து ஜீப்பை அனுப்பிவிட்டார். யாருக்கும் நஷ்டமில்லை. என்னைத் தவிர.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். "அப்ப பலிக்கலை" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் திணித்தாள்.

அடுத்த இரண்டு வாரமும் நான் மனுஷியாகவே இல்லை. படத்தை விரித்துப் போட்டு, ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்துக்கொண்டு ஊர்ந்தேன். கருவி சரியாகத்தான் வாசித்திருந்தது. அங்குலமெல்லாம் மில்லிமீட்டராகியிருந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல் எதிலும் பிசகில்லை. எல்லாமே சரியாக இருந்து விடை மட்டும் தப்பாக இருந்தால் எதைப் போய்த் திட்டுவது? யார் பேசினாலும் வெடுக் வெடுக்கென்று விழுந்தேன். அவள் மட்டும்தான் பயப்படாமல் பக்கத்தில் வந்தாள். அந்த வாரமும் மண் சரிவு. வெள்ளிக்கிழமை பஸ் இல்லை. நான் மலையிலேயே மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமை முழுக்க என் மூஞ்சியைப் பார்த்துச் சகிக்காமல், "நாளைக்கு வெள்ளனே கெளம்புங்க அக்கா, சந்தைக்குப் போவோம். எனக்கு அங்க வேலையும் இருக்கு. சும்மா அந்தத் தாளையே பார்த்துக்கிட்டு இருந்தா அது பேசுமா?" என்றாள்.

கொடைக்கானலின் ஞாயிற்றுச் சந்தையை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். தூறலில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேல்மலைக் கிராமங்கள் முழுக்க அங்கே இறங்கியிருந்தன. கழுவின கேரட், முள்ளங்கி, பட்டர் பீன்ஸ், மண் மணக்கும் உருளைக்கிழங்கு, கொத்துக் கொத்தாகப் பூண்டு. குதிரைகள் ஒரு பக்கம் நின்றுகொண்டு முட்டைக்கோஸ் தழையைக் கடித்துக்கொண்டிருந்தன. சுக்குக் காப்பி வாங்கிக் குடித்ததும் எனக்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு உயிர் வந்தது. சரி, தீசிஸ் போனால் போகிறது, பூண்டு வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அவள் ஒரு உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் சௌகரியமாக உட்கார்ந்து பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து எடுத்தது கம்ப்யூட்டர் தாள். முதல் தீவு அச்சடித்த, ஊர்வாரியான மழை மதிப்பீடு. காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தாள். அவ்வளவுதான், ஒரு கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டது.

விஷயம் என்னவென்றால், மழைமானி இல்லாத ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்குப் போட்ட மதிப்பீட்டை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கம்ப்யூட்டர் என்ன எங்க கொல்லைக்கு வந்து நனைஞ்சுதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் பல வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் தாளைக் காட்டி, ஊர்க்காரர்கள் சொல்கிற திருத்தத்தைக் குறித்துக்கொண்டு, அதைத்தான் திங்கட்கிழமை அட்டையில் அடித்து அனுப்புவார்கள். இரண்டாவது தீவு வாங்குகிற மழை அதுதான். இதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. எனக்குத் தெரியும் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானோ அட்டை என்றால் அது மெஷினிலிருந்து நேராக மெஷினுக்குப் போவது என்று நினைத்திருந்தேன்.

திருத்தம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அங்கே நடந்தது சுத்தமான பேரம். மழையைக் கூட்டிச் சொன்னால் ஜீப் சீக்கிரம் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாங்கள் கூட்டிச் சொல்வது நிலையத்துக்கும் தெரிந்திருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூக்கால்காரர் ஒருவர், அந்த வாரம் தங்கள் ஏரி மீனெல்லாம் ரோட்டில் நடந்து போனதாகச் சத்தியம் செய்தார். கவுஞ்சியிலிருந்து வந்த பெரியவர், மப்ளரைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கவுஞ்சிக்கு எம்புட்டு தாயி போட்டுருக்கு?"

"முப்பத்தெட்டு."

"பத்தாது. எப்பவும் போல அரையைச் சேத்துப் போட்டு வெரசா அனுப்பு."

அவள் முப்பத்தெட்டை அடித்துவிட்டு முப்பத்தெட்டரை என்று எழுதினாள். நான் சுக்குக் காப்பி டம்ளரோடு அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரை. கவுஞ்சிக்கு அரை. கூக்காலுக்குக் கால். C!

பெயர் தெரியாத அந்த முதல் புரோகிராமர், வெளிநாடு போவதற்கு முன்னால் இந்தச் சந்தையில் இதே மாதிரி நின்றிருக்க வேண்டும். எந்த ஊர் எவ்வளவு கூட்டிச் சொல்லும் என்று கணக்குப் பார்த்து, அதை அப்படியே கழிக்கிற மாதிரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அரை அங்குலம் கூட்டுவார்கள், அரை அங்குலம் கழியும், கணக்கு நேராகிவிடும். நான் கழிவைப் பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லிமீட்டராக மாற்றிவிட்டேன். சந்தையில் மட்டும் எல்லோரும் இன்னும் அதே அரையையும் காலையும்தான் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அரை மில்லிமீட்டர்! புல் நனையாது. அதைக் கூட்டிவிட்டுப் பன்னிரண்டு புள்ளி ஏழைக் கழித்தால் எந்த ஊர் எல்லையைத் தாண்டும்?

"அந்த அரை என்ன அரை? அங்குலமா, மில்லிமீட்டரா? உள்ளே மெஷின் அரை அங்குலம் கழிக்குதே!" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் பென்சிலைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தை தெரியும், C என்ற ஒன்று இருப்பது தெரியாது. எனக்கு C தெரியும், சந்தை தெரியாது. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து இரண்டு மாசமாகப் பன் தின்றிருக்கிறோம். "ஐயோ அக்கா" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. மூட்டையின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கவுஞ்சிப் பெரியவர் தன்னைத்தான் கேலி செய்கிறோம் என்று நினைத்து முறைத்தார். அவள் எழுந்து அவருக்கு விஷயத்தைச் சொன்னாள். இப்போது அளவே வேறு, பழைய அரை என்பது இதில் பன்னிரண்டரைக்கும் மேலே வரும் என்று விளக்கினாள். அவர் தலையாட்டிவிட்டு, பேரிக்காய் விற்கிற பக்கம் போய்விட்டார். அவர் காதில் விழுந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

போஸ்ட் ஆபீஸ் அன்றைக்கு மூடியிருந்தது. மறுநாள் திறந்ததும் ஓடிப்போய் மதுரைக்கு டிரங்கால் போட்டேன். இரைச்சலில் ஒன்றும் கேட்காததால் நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. "சார், புரோகிராம்ல பாதி சந்தையில இருக்கு சார்!" வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில், "ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதே" என்று கேட்டது.

சொன்னபடி வந்தார். மங்கி குல்லாயும் கழுத்து வரை ஸ்வெட்டருமாக அவரைப் பார்த்ததும் எனக்கு உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சந்தைக்குள் நுழைந்ததும் யாரோ சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் ஒரு கூடைப் பேரிக்காய் வாங்கிவிட்டார். விற்றவளே பாவப்பட்டு நாலு காய் கூடப் போட்டாள். அவர் கையில் கூடையும், என் கையில் சுருட்டிய படமுமாக, மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அவளிடம் போனோம். கூட்டம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. நான் என் வாதத்தை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கருவி புரோகிராமைச் சரியாகத்தான் வாசித்தது, இரண்டு தீவுகளுக்கு நடுவில் புரோகிராமுக்குள் கோடு இல்லை என்று சொன்னதும் சரி, அந்தக் கோடு வெளியே இருக்கிறது, அவரே கண்ணால் பார்க்கலாம், ஆளாளுக்கு அரை, கால் என்று கேட்பார்கள் என்றெல்லாம் சொல்லி முடித்தேன்.

ஒருவரும் அரை என்று கேட்கவில்லை.

கூக்கால்காரர் ஆறரை சேர்க்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவர் இருபத்தஞ்சு கேட்டு, பத்துக்கு இறங்கி வந்தார். ஒரு வாரத்தில் சந்தை முழுக்க மில்லிமீட்டரில் பேசிக்கொண்டிருந்தது. அவள் ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு தடவை சொன்னது, பேரிக்காய்ப் பக்கம் போய், குதிரை ஏறி, லாரி ஏறி, மேல்மலை முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருந்தது. நான் பேந்தப் பேந்த விழித்தேன். மப்ளர் கட்டிய பெரியவர் முன்னால் வந்தார்.

"கவுஞ்சிக்குப் பதிமூணு சேத்துப் போடு தாயி."

பேராசிரியர் கூடையைக் கீழே வைத்தார். அவராக யாரிடமும் போய்ப் பேசி நான் பார்த்ததில்லை. "ஏங்க, கணக்குப்படி பார்த்தா பன்னிரண்டு புள்ளி ஏழுதானே வரணும்?" என்று கேட்டார்.

பெரியவர் அவரை மங்கி குல்லாயிலிருந்து கால்வரை பார்த்தார். "சில்லறை எதுக்குங்க? மெஷினு எப்படியும் அதைக் கழிச்சுப்புடும். பதிமூணாப் போட்டாத்தானே எங்களுக்குன்னு ஒரு தூத்தலாச்சும் மிஞ்சும்?"

பேராசிரியர் சிரித்தார். அவருடைய பல் வரிசையை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்து முடித்ததும் என் படத்தை வாங்கி, மூட்டை மேல் விரித்து, அவளுடைய சிவப்புப் பென்சிலைக் கேட்டு வாங்கினார். முதல் தீவுக்கும் இரண்டாவது தீவுக்கும் நடுவே வளைவாக ஒரு கோடு போட்டு, அதன்மேல் 'சந்தை' என்று எழுதினார்.

"இந்தக் கோட்டை உன் கருவி போடுமா?"

"போடாது சார்."

"அப்ப அதையே எழுது. கருவி எதுவரைக்கும் போகும், எங்க நிக்கும், அங்க என்ன இருக்கும். அதுதான் கடைசி அத்தியாயம். பொங்கலுக்கு முன்னாடி கொண்டாந்து கொடு." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆமா, இந்த வாரம் புரோகிராம்ல நீ என்ன மாத்தின?"

"நீங்க தொடாதேன்னு சொன்னீங்களே சார். ஒண்ணும் மாத்தலை."

"பழுது தானா சரியாகணும்னுதானேம்மா மூணு வருஷமா எழுதுறே?" என்றார். பிறகு கூடையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்துத் துடைத்து, கவுஞ்சிப் பெரியவரிடம் நீட்டினார்.

எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்து மூட்டையில் உட்கார வைத்து, மீதி ஊர்களை என்னையே எழுதச் சொன்னாள். என் கோழிக் கிறுக்கலை மறுநாள் அட்டையில் அடிப்பதற்குள் அவள் என்னைத் திட்டிய திட்டு இப்போதும் ஞாபகமிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்தது. புரோகிராம் கட்டில் ஒரு அட்டைகூட மாறவில்லை. அவளுடைய சிவப்புக் கோடு அப்படியே நேராக இருந்தது. அந்த வாரம் கவுஞ்சிக்கும் கூக்காலுக்கும் ஒரே அளவு மழை மதிப்பீடு. அதிகாரி தாளை வாங்கி, சந்தேகத்தோடு முதலில் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் திருப்பி வாசித்தார். ஊர்களெல்லாம் வரிசையாக வந்திருந்தன. ஒரே ஒரு தூறல் வித்தியாசத்தில், கவுஞ்சி முதலில் இருந்தது.